ரிவால்வர் கைமாறும் 45 நாள்கள்: தனியார் விற்பனையில் சட்டம் கவனிக்கும் இடம் எது?

கொல்கத்தா: உரிமம் பெற்ற ஒருவர், தமது ரிவால்வரை உரிமம் பெற்ற மற்றொருவருக்கு நேரடியாக விற்பதை இந்தியச் சட்டம் தடை செய்யவில்லை. ஆனால் யாருக்கு விற்கப் போகிறார் என்பதை அரசுக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிட்டு, குறைந்தது 45 நாள்கள் அவர் காத்திருக்க வேண்டும். வரி விளம்பரங்களும் கைபேசிக் குழுக்களும் சில நிமிடங்களில் பேரத்தை முடித்துவிடும் காலத்தில், சட்டப்பூர்வமான துப்பாக்கியையும் கள்ளத்துப்பாக்கியையும் பிரிக்கும் கோடாக இந்த 45 நாள்களே நிற்கின்றன.

கொல்கத்தாவை ஒட்டிய நியூ டவுன் பகுதிக்கு இந்த விவகாரம் புதிதல்ல. 2021ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் தேதி அங்குள்ள சுகோபிருஷ்டி அடுக்குமாடிக் குடியிருப்பில், பஞ்சாப் காவல்துறையால் தேடப்பட்டு வந்த ஜெய்பால் புல்லரும் அவரது கூட்டாளியும் மேற்கு வங்கச் சிறப்பு அதிரடிப் படையினருடன் நடந்த மோதலில் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதற்கு முந்தைய மாதம் பஞ்சாபின் ஜக்ராவ் நகரில் இரண்டு காவல் உதவி சார் ஆய்வாளர்கள் கொல்லப்பட்ட வழக்கில் அவர்கள் தேடப்பட்டு வந்தனர். அவர்கள் தங்கியிருந்த வீட்டிலிருந்து துப்பாக்கிகளும் தோட்டாக்களும் கைப்பற்றப்பட்டன. வேறொருவர் பெயரில் வாடகைக்கு எடுக்கப்பட்ட வீடு அது.

அச்சம்பவத்துக்குப் பின் வாடகைதாரர்களின் விவரங்களைச் சரிபார்ப்பது குறித்தே அதிகம் பேசப்பட்டது. வாங்குபவர் யார் என்பதைச் சரிபார்க்கும் அதே தேவை துப்பாக்கிக்கும் பொருந்தும். கள்ளப் பட்டறைகளில் தயாராகும் ஆயுதங்கள் ஒருபுறம் இருக்க, முறையாக வாங்கப்பட்ட துப்பாக்கி இரண்டாவது கைக்கு மாறும் கட்டமும் கண்காணிப்பு நழுவக்கூடிய இடமாகும்.

சட்டம் சொல்வது என்ன?

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவு, உரிமமின்றி ஆயுத வணிகம் செய்வதைத் தடை செய்கிறது. அதே பிரிவின் 2ஆவது உட்பிரிவு, சொந்தப் பயன்பாட்டுக்காகச் சட்டப்படி வைத்திருக்கும் ஆயுதத்தை ஒருவர் விற்கவோ மாற்றித் தரவோ விலக்கு அளிக்கிறது. இதற்கு நிபந்தனைகள் உண்டு. வாங்குபவர் அந்த ஆயுதத்தை வைத்திருக்கத் தகுதி உடையவராக இருக்க வேண்டும். அவரது பெயரையும் முகவரியையும் மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கோ எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அதன்பின் குறைந்தது 45 நாள்கள் கழிய வேண்டும்.

காவல் ஆணையர் உள்ள பகுதிகளில், மாவட்ட ஆட்சியர் என்ற சொல் காவல் ஆணையரையே குறிக்கும் என்று சட்டம் விளக்குகிறது. நியூ டவுன், பிதான்நகர் காவல் ஆணையரகத்தின் எல்லைக்குள் வருகிறது.

காத்திருப்புக் காலம் வெறும் சம்பிரதாயம் அல்ல. வாங்குபவரின் உரிமம் உண்மையானதா, அதில் மற்றொரு ஆயுதத்துக்கு இடம் உள்ளதா, அவர் மீது வழக்குகள் உள்ளனவா என்று காவல்துறை ஆராய்வதற்குக் கிடைக்கும் அவகாசம் அதுவே. அந்த அவகாசம் இல்லாமல் போனால், பதிவேட்டில் ஒருவர் பெயரில் உள்ள துப்பாக்கி உண்மையில் மற்றொருவர் கையில் இருக்கும். அது குற்றத்தில் பயன்படுத்தப்பட்டால் விசாரணை முதலில் பழைய உரிமையாளரிடமே வந்து நிற்கும்.

2019 திருத்தத்தின் விளைவு

2019ஆம் ஆண்டு டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. கூடுதலாக இருந்ததை ஓராண்டுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்றும் கூறியது. 5ஆவது பிரிவை மீறி ஆயுதத்தை விற்றாலோ, மாற்றித் தந்தாலோ, விற்பனைக்கு முன்வைத்தாலோ குறைந்தபட்சத் தண்டனை ஏழு ஆண்டுகள். அதிகபட்சம் ஆயுள் சிறை. முன்னர் இது மூன்று முதல் ஏழு ஆண்டுகளாக இருந்தது.

தண்டனை கடுமையாகியும் மறைமுக விற்பனைக்கான தூண்டுதல் குறையவில்லை. 1980களின் நடுப்பகுதியில் தனிநபர்களுக்கான துப்பாக்கி இறக்குமதி பெருமளவு நிறுத்தப்பட்டதால், பழைய வெளிநாட்டுக் கைத்துப்பாக்கிகளின் மதிப்பு உயர்ந்தது. உள்நாட்டுத் தயாரிப்பும் மலிவானதன்று. பெண்களின் தற்காப்புக்கென 2014இல் கான்பூர் தொழிற்சாலை அறிமுகப்படுத்திய சுமார் 500 கிராம் எடையுள்ள 'நிர்பீக்' ரிவால்வரின் விலை அப்போதே சுமார் 1.22 லட்சம் ரூபாய். சட்டைப்பையிலோ கைப்பையிலோ அடங்கும் ஆயுதத்தை எளிதில் எடுத்துச் செல்லலாம்; எளிதில் கைமாற்றவும் செய்யலாம்.

நியூ டவுன் அமைந்துள்ள வடக்கு 24 பர்கானா மாவட்டத்திலேயே இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையும் உள்ளது. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை இடம்பெற்றுள்ள அதே பொதுத்துறை நிறுவனத்தின் கீழ் 2021ஆம் ஆண்டு அக்டோபர் முதல் அது இயங்குகிறது. இச்சாப்பூரிலிருந்து துப்பாக்கி பாகங்கள் கடத்தப்பட்டதாக 2018இல் கொல்கத்தா காவல்துறை ஊழியர்கள் உள்ளிட்டோரைக் கைது செய்தது. அரசுத் தொழிற்சாலையிலேயே கணக்கு தவறக்கூடும் எனில், இரு தனிநபர்களுக்கு இடையிலான பேரத்தில் பதிவு எவ்வளவு அவசியம் என்பது விளங்கும்.

அமெரிக்க அனுபவம்

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கு உரிமம் பெற்ற வணிகர்கள் மட்டுமே வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் கூறுகிறது. தனிநபர் விற்பனைக்குப் பல மாநிலங்களில் அக்கட்டாயம் இல்லை. 2012இல் விஸ்கான்சின் மாநிலத்தில், துப்பாக்கி வைத்திருக்க நீதிமன்றம் தடை விதித்த ஒருவர் 'ஆர்ம்ஸ்லிஸ்ட்' என்ற வரி விளம்பரத் தளம் வழியாகக் கைத்துப்பாக்கி வாங்கி, மனைவி உட்பட மூவரைச் சுட்டுக் கொன்றார். விளம்பரத் தளத்துக்கு எதிரான வழக்கை அம்மாநில உச்ச நீதிமன்றம் 2019இல் ஏற்க மறுத்தது. தனிநபர் துப்பாக்கி விற்பனைப் பதிவுகளை பேஸ்புக் நிறுவனம் 2016ஆம் ஆண்டு ஜனவரியில் தடை செய்தது.

இந்தியச் சட்டம் பொறுப்பை விற்பவர் மீதே சுமத்துகிறது. ஆயுத உரிமங்களுக்கான தேசியத் தரவுத்தளமும் உரிமதாரருக்கான தனி அடையாள எண்ணும் நடைமுறையில் உள்ளன. எனினும் தகவல் தெரிவிக்கப்பட்டால் மட்டுமே அத்தரவு புதுப்பிக்கப்படும். தெரிவிக்கப்படாத விற்பனையை எந்தத் தரவுத்தளமும் தானாகக் கண்டறியாது. உரிமம் புதுப்பிக்கும்போது ஆயுதத்தை நேரில் காட்டச் சொல்வது ஒரு வாய்ப்பு. ஆனால் 2019 திருத்தம் உரிமக் காலத்தை மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்தாக நீட்டித்துள்ளதால், அந்த இடைவெளியும் விரிந்துள்ளது.

துப்பாக்கி இனி வேண்டாம் என்று கருதுபவருக்குச் சட்டப்பூர்வ வழிகள் உள்ளன. உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடம் விற்கலாம். காவல் நிலையத்தில் ஒப்படைக்கலாம். உரிய அறிவிப்புடன் மற்றொரு உரிமதாரருக்கு மாற்றலாம். உரிமதாரர் இறந்துவிட்டால், வாரிசுகள் தங்கள் பெயரில் உரிமம் பெறும் வரை ஆயுதத்தைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்து வைக்க வேண்டும் என்பது குறிப்பிடத்தக்கது.