பழைய போல்ட்டை மீண்டும் பூட்டலாமா?

காலையில் காரை இயக்கியவுடன் எஞ்சின் பக்கத்திலிருந்து 'டிக் டிக்' என்றோர் ஓசை எழுந்து, வண்டி சூடேறியதும் அடங்கிவிடுகின்றதா? வாசகர்கள் அதனை அலட்சியம் செய்யலாகாது. எரிந்த புகையைத் திரட்டிச் சைலன்சர் குழாய்க்கு அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, தன் இருக்கையில் சரிவரப் படியவில்லை என்பதற்கு அஃது அறிகுறியாகலாம். சூட்டில் இரும்பு விரிந்து இடைவெளியை அடைப்பதால் ஓசைதான் நிற்கிறது; கோளாறு நீங்கிவிடவில்லை. கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. நிறமும் மணமுமற்ற அந்நச்சு வாயு, இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றக்கூடியது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, பின்னிருக்கையில் பிள்ளைகளை உறங்க வைத்துக்கொண்டு நெடுந்தூரம் செல்வோருக்கு இது சிறிய விஷயமன்று.

மேனிஃபோல்டைக் கழற்றிப் பழுது பார்த்தபின், பழைய போல்ட்டுகளையே பூட்டலாமா என்பது கேள்வி. பெரும்பாலும் பூட்டலாம். இன்றைய எஞ்சின்கள் பலவற்றில் சிலிண்டர் ஹெட் போல்ட்டுகள் ஒரே முறை நீண்டு இறுகும்படி செய்யப்பட்டவை. அவற்றை மறுமுறை பயன்படுத்தக் கூடாது. மேனிஃபோல்டு போல்ட்டுகள் பெரும்பாலும் அவ்வகையினவல்ல. எனினும் ஒவ்வொன்றையும் புதியதொன்றின் அருகில் வைத்துப் பாருங்கள். நடுவே இளைத்திருந்தாலோ, மரை மழுங்கியிருந்தாலோ, துரு அரித்திருந்தாலோ அதை எறிந்துவிடுங்கள். துலக்கிய மரையில் நட்டு விரலாலேயே தடையின்றி ஓட வேண்டும். புதியதே போடுக என்று வண்டியின் கையேடு கூறுமாயின், அதற்குமேல் விவாதமில்லை. கேஸ்கெட் மட்டும் எப்போதும் புதியதாகவே இருக்கட்டும்.

இனி இறுக்கும் முறை. நம் பட்டறைகளில் ஸ்பானரின் வாலில் இரும்புக் குழாயைச் செருகி முழு பலத்தையும் காட்டுவதைத் திறமையென எண்ணுவோர் இன்றும் உளர். 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பல வண்டிகளில் தேவைப்படுவது 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையே. கால் மீட்டர் நீள ஸ்பானரின் நுனியில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டாற்போன்ற அளவு அது, அவ்வளவுதான்! சரியான எண்ணைக் கையேட்டில் பார்த்து, டார்க் ரென்ச்சால் இறுக்குவதே முறை.

மிகுதியாக இறுக்கினால் என்ன கேடு? ஒன்றரை அடி நீள வார்ப்பிரும்பு 500 டிகிரி சூடேறினால் 2 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அதனைத் தாங்கும் ஹெட்டோ, தண்ணீரால் குளிர்விக்கப்படுவதால் அந்த அளவுக்கு நீள்வதில்லை. மேனிஃபோல்டு சற்றே நகர இடமின்றி நெரிக்கப்பட்டால், ஓரத்துப் போல்ட்டுகள் முறியும். அல்லது மேனிஃபோல்டே வெடிக்கும். அலுமினிய ஹெட்டினுள் முறிந்த போல்ட்டைத் துளையிட்டு எடுக்கும் கூலியில் எத்தனையோ புதிய போல்ட்டுகள் வாங்கிவிடலாம்.

எஞ்சின் நன்கு குளிர்ந்திருக்கையில், முதலில் எல்லாவற்றையும் விரலால் பூட்டி, நடுவிலிருந்து இருபுறமும் ஓரத்தை நோக்கி, மூன்று சுற்றுகளாகச் சிறிது சிறிதாக இறுக்குக. திருகும் விசையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு உராய்விலேயே கழிகிறது. ஆகவே மரையில் எண்ணெயோ பசையோ தடவினால் உராய்வு குறைந்து, அதே எண்ணிலும் போல்ட் மிகையாக இழுபடும். கையேடு சொன்னாலன்றி எதையும் தடவாதீர்கள்.

சில நாட்கள் ஓடியபின் கேஸ்கெட்டின் ஓரத்தில் கரிக்கோடு தென்படுகிறதா எனப் பாருங்கள். தென்பட்டால் மேலும் முறுக்காமல், கழற்றி இருக்கை தட்டையாக உள்ளதா என்று சோதிக்கச் சொல்லுங்கள்.