உரிமையைக் கேட்டால் பேராசையா?

சம்பள உயர்வுப் பேச்சு எழும்போதெல்லாம் தோட்டத் தொழிலாளி மீது ஒரு பழி விழுகிறது. தொழில்துறை நட்டத்தில் கிடக்கும்போது இவர்கள் தங்கள் வயிற்றை மட்டும் பார்க்கிறார்கள், இது சுயநலம், பேராசை என்கிறார்கள். நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாவான போதும், 2024இல் 1350 ரூபாவான போதும் இந்தப் பேச்சைக் கேட்டோம். எனவே இச்சொற்களின் பொருளை நாம் தெளிவாக அறிந்திருப்பது நல்லது.

பசித்தவர் சோறு தேடுவது தன்னலம்தான், அது குற்றமல்ல. பிள்ளையின் கொப்பிக்கும் ஒழுகும் கூரைத் தகரத்துக்கும் காசு வேண்டும் என்பதும் அப்படியே. தனக்கு வேண்டியதை விரும்புவது வேறு, தன் பங்குக்கு மேல் எடுத்துக்கொள்வது வேறு. கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் 2300 ஆண்டுகளுக்கு முன்பே இந்த இரண்டாவதைத்தான் அநீதி என்றார். ஆகவே கேட்பவர் யார் என்று பார்த்துப் பயனில்லை; யாருடைய பங்கு யாரிடம் போகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு கையால் சம்பளத்தைக் கூட்டி, மறு கையால் கொழுந்தின் கிலோவை உயர்த்தி, எட்ட முடியாதவருக்கு அரைப்பேர் போடும் இடத்தில் பேராசை எந்தப் பக்கம் இருக்கிறது?

தொழிலைக் காக்க விட்டுக்கொடுங்கள் என்றும் சொல்கிறார்கள். விட்டுக்கொடுப்பது உயர்ந்த குணம். ஆனால் அது கொடுப்பவர் மனதார வர வேண்டும். இல்லாதவரிடம் பிடுங்குவதற்குத் தியாகம் என்று பெயரில்லை.

தியாகத்தை நமக்கு எவரும் கற்றுத்தரத் தேவையில்லை. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குக் கோவிந்தன் பலியானார். கேட்ட உயர்வில் ஒரு சதமும் அவர் கைக்கு வரவில்லை. பிறர்நலம் என்பதற்கு மலையகம் கொடுத்த விளக்கம் அது.

அதே அளவுகோலை நம் மீதும் வைப்போம். சந்தா கட்டாமல், கூட்டத்துக்கும் வராமல், போராட்டத்தின் பலனில் மட்டும் பங்கு கொள்வதும் பங்குக்கு மேல் எடுப்பதே. அங்கத்தவர் சந்தாவுக்குக் கணக்குக் காட்டாத தலைமையும் அப்படித்தான்.

தனக்காகக் கேட்பதும் அடுத்த லயத்துக்காகக் கேட்பதும் ஒன்றாகும் இடமே சங்கம். தோழர்களே, இனி எவராவது பேராசை என்றால் தலைகுனிய வேண்டாம். அவரவர் பங்கைக் கணக்கோடு காட்டச் சொல்லுங்கள்.