மாட்டை ஏன் விற்பதில்லை?

ஜிம்பாப்வேயின் சிறு விவசாயிகள் மாட்டை லேசில் விற்க மாட்டார்கள். பழைய வழக்கத்தை விடாதவர்கள் என்று அவர்கள் மேல் ஒரு குற்றச்சாட்டு உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள், அவர்கள் செய்வதுதான் சரி. 2008-ல் பணவீக்கம் வங்கிச் சேமிப்பை விழுங்கியது. 2009-ல் அந்த நாணயமே கைவிடப்பட்டது. பட்டியில் நின்ற மாடு மாடாகவே இருந்தது! மக்காச்சோள நிலத்தை உழுதது, எருவும் பாலும் தந்தது, கன்று போட்டது. பள்ளிக் கட்டணத்துக்காக உழவு மாட்டை விற்றால், இரவல் மாடு கிடைக்கும்வரை விதைப்பு தள்ளிப்போகும், விளைச்சல் குறையும்.

இந்தச் சேமிப்புக்கும் ஆபத்து உண்டுதான். உண்ணிகள் பரப்பும் 'ஜனவரி நோய்' 2018-க்குப் பிறகு ஏராளமான மாடுகளைக் கொன்றது. மாடுகளை மருந்துத் தொட்டியில் தவறாமல் முக்கி எடுத்தால் தடுக்கலாம். பல ஊர்களில் தொட்டி இருந்தது, மருந்துதான் இல்லை. விற்கச் சொல்லி உபதேசிப்பவர்கள் முதலில் அதைக் கவனிக்கட்டும்.