பாளை சீவும் காலம்

விடியற்காலை ஐந்தேகால் மணிக்கு எங்கள் ஊர்க் கோயில் வளாகத்தில் விளக்குமாறு மண்ணில் இழுபடும் சத்தம் கேட்கும். கோயில்குட்டியார் வேப்பஞ்சருகைக் கூட்டிக்கொண்டிருப்பார். மூன்று மரங்கள். மாசி பாதியில் உதிரத் தொடங்கிய இலை பங்குனி பிறந்தும் நிற்கவில்லை. ஒரு பக்கம் கூட்டி முடித்து அவர் நிமிர்வதற்குள் முதுகுக்குப் பின்னால் பத்து இலை விழுந்து கிடக்கும்.

"பொழுது விடிஞ்ச பிறகு கூட்டினா என்ன அண்ணாச்சி? இருட்டுல எதுக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"காலை ஜெபத்துக்கு ரெண்டு மூணு பேரு வருவாங்கல்லா தம்பி. சருகை மிதிச்சா சத்தம் கேக்கும். உள்ள முழங்கால் போட்டிருக்கவங்களுக்கு இடைஞ்சல்" என்றார்.

வருகிற இரண்டு மூன்று பேரில் ஒருவர் காது மந்தமான பாட்டி. அவர்களுக்காக, காலடியில் நொறுங்கும் சருகின் சத்தத்துக்காக, எழுபதை நெருங்கும் ஒரு மனிதர் நாலரை மணிக்கு எழுந்திருக்கிறார். அன்றிலிருந்து நானும் ஐந்தேகாலுக்குப் போகிறேன். அவர் கூட்டி முடிக்கும்வரை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

பணி ஓய்வுக்குப் பிறகு எனக்கு இது முதல் லெந்து. முப்பத்திரண்டு வருடம் பாளையங்கோட்டையில் ஆசிரியர் வேலை. ஊருக்கு வருவது கிறிஸ்மஸுக்கும் அசனப் பண்டிகைக்கும் துக்க வீட்டுக்கும்தான். இந்த வருடம் அம்மாவுக்கு இடுப்பு முடியாமல் போனதால், சாம்பல் புதனுக்கு முந்தின வாரம் வந்தவன் இங்கேயே தங்கிவிட்டேன். நாற்பது நாளையும் இந்தச் செம்மண் தேரியிலேயே கழிப்பது, பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்த காலத்துக்குப் பிறகு இப்போதுதான்.

சாம்பல் புதன் காலையில் கோயிலுக்குக் கிளம்பியபோது, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போகச் சொன்னார் அம்மா. மாசிப் பனி மச்சைத் துளைக்குமாம். இப்போது ஏழு மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. தவசு நாட்கள் முடிவதற்குள் ஒரு பருவம் போய் இன்னொரு பருவம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. நகரத்தில் இருந்தவரை இதை நான் கவனித்ததே இல்லை.

லெந்து என்ற சொல் வெள்ளைக்கார மிஷனரிமாரோடு நமக்கு வந்தது. பழைய ஆங்கிலத்தில் அதற்கு வசந்த காலம் என்று பொருள். பகல் நீள்வதை வைத்து ஏற்பட்ட பெயர். லண்டனில் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கத்துக்குள் பகல் சுமார் மூன்று மணி நேரம் கூடிவிடும். குளிரில் விறைத்துக் கிடந்த மண்ணில் பூ வரும். அந்த ஊர்க்காரருக்குப் புதுப்பிக்கப்படுதல் என்றால் என்னவென்று அவர்களுடைய தோட்டமே சொல்லிக் கொடுத்துவிடும். எங்கள் திருச்செந்தூர்ப் பக்கத்தில் அதே நாட்களில் பகல் அரை மணி நேரம்கூட நீளாது. இங்கே குளம் வற்றுகிறது. கிணற்றில் கயிறு இன்னும் இரண்டு முழம் வேண்டியிருக்கிறது. வேம்பு உள்ளதையெல்லாம் உதிர்த்துவிட்டுச் செம்பு நிறத்தில் கொழுந்து காட்டுகிறது. பனை பாளை விடுகிறது.

எனக்கு லெந்து என்றால் பனைதான்.

தாத்தா பனையேறி. தையிலோ மாசியிலோ பாளை வரத் தொடங்கினால் ஆடி வரை அவருக்கு மரமும், பதநீர் காய்ச்சும் விடிலியும்தான் உலகம். முப்பது பனை. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஏறி இறங்க வேண்டும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவி, பாளையில் கட்டி, நுனியைச் சீவி விட்டால் பதநீர் சொட்டும். அந்தச் சீவல் காகிதத்தின் கனம்தான் இருக்கும். கூட வெட்டினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். ஒருநாள் சீவாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்து அடைத்துக்கொள்ளும்; உள்ளே எவ்வளவு சாறு இருந்தாலும் வெளியே வராது. காய்ச்சல் கண்டு படுத்த நாளிலும் தாத்தா பக்கத்து வீட்டு மாமாவைக் கூப்பிட்டுத் தன் மரங்களைச் சீவச் சொன்னதைப் பார்த்திருக்கிறேன்.

லெந்து வெள்ளிக்கிழமைகளில் மாலை ஆராதனைக்கு அந்தக் காலத்தில் மணி பார்த்து நேரம் வைப்பதில்லை. ஆண்கள் கடைசிப் பனையிலிருந்து இறங்கி, பாட்டிமார் விடிலியில் கூப்பதம் பார்த்துக் கருப்பட்டியைச் சிரட்டையில் ஊற்றிவிட்டு, கிணற்றடியில் குளித்து வந்த பிறகுதான் இரண்டாம் மணி அடிக்கும். நாள் முழுக்க நெஞ்சைத் தேய்த்து மரம் ஏறியவர்கள். உட்கார்ந்ததும் கோயிலுக்குள் ஓர் அமைதி விழும். களைப்பில் வந்த அமைதிதான். ஆனாலும் அதற்குள் தூக்கம் இருக்காது. அவர்கள் மேலிருந்து புகையும் சுண்ணாம்பும் கலந்த வாசனை வரும். இன்றைக்கும் முழங்கால் போட்டால் எனக்கு அந்த வாசனைதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

ஒரு தடவை தாத்தாவிடம், "பனை உச்சியில நின்னுக்கிட்டு என்ன பண்ணுவீங்க தாத்தா?" என்று கேட்டேன். "சீவுவேன். மேல பேச ஆளு இல்லைலா, அதனால ஜெபமும் பண்ணுவேன்" என்றார். எங்கள் தேரியின் உயரமான பனைகளில் நின்றால் மெய்ஞ்ஞானபுரம் தூய பவுல் ஆலயத்தின் கோபுரம் தெரியும். வேல்ஸிலிருந்து வந்து 1837இல் அங்கே குடியேறிய ஜான் தாமஸ் கட்டிய கோயில். கோபுரத்தின் உயரம் 192 அடி. கீழே நிற்கிற எங்களுக்கு ஓலையைத் தவிர எதுவும் தெரியாது. தாத்தா தினமும் அறுபது தடவை அதைப் பார்த்தார்.

கோயிலும் இந்த நாட்களில் ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்கிறது. பீடத்தில் ஊதாத் துணி. பூச்சாடி இல்லை. எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் லெந்தில் கல்யாணம் வைப்பதில்லை. மேலைத் திருச்சபைகளின் பழைய மரபில் ஈஸ்டர் வரை அல்லேலூயாவே பாடுவதில்லை. மகிழ்ச்சியின் மிகப் பெரிய சொல்லை நாற்பது நாள் வாயில் வைக்காமல் அடக்கிக்கொள்கிற சபை எவ்வளவு தைரியமான சபை! வேம்பு செய்வதைத்தான் பீடமும் செய்கிறது என்று சிறு வயதில் நினைத்துக்கொள்வேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அப்படிக் கழற்றி வைத்த இடத்தை இப்போது நாம் சத்தத்தால் நிரப்புகிறோம் என்பதுதான் என் வருத்தம். எல்லா ஊரிலும் லெந்து என்றாலே கூட்டம், அதற்கு விசேஷ செய்தியாளர், அவருக்கு நான்கு ஒலிபெருக்கிகள். செய்தி முடிந்தால் பாட்டு, பாட்டு முடிந்தால் அறிவிப்பு. பாவ அறிக்கைக்கு முன்னால் சற்று நேரம் மௌனமாக இருப்பதற்கு நம் ஆராதனை முறைமையிலேயே இடம் உண்டு. அந்த இடத்திலும் கீபோர்டில் மெல்லிய இசை ஓடுகிறது. வாசிக்கிற பிள்ளைகள் ஆசையோடுதான் வாசிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மௌனத்தில் என்ன செய்ய வேண்டும் என்று பெரியவர்களாகிய நாம் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நமக்கே அது பயமாக இருக்கிறது. ஒரு நிமிடம் சும்மா இருந்தால் உள்ளே என்னென்ன எழுந்து வரும் என்று நமக்குத் தெரியும்.

எனக்கு எழுந்து வந்ததைச் சொல்கிறேன். முதல் இரண்டு வாரம் அந்தக் கடைசி பெஞ்சில் என் மனதுக்குள் ஓடியதெல்லாம் கணக்கும் வழக்கும்தான். ஓய்வூதியக் கணக்கு, அம்மாவின் மருந்துக் கணக்கு. அப்புறம் தம்பி. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வரப்புத் தகராறு. வரப்பில் நிற்பது இரண்டு பனை. இரண்டும் காய்ந்த மரங்கள், ஏறவும் ஆள் இல்லை. அதற்காக நாலு வருடம் பேச்சு இல்லை. அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும், நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலும் அந்த இருட்டில் வரிசையாக வந்து நின்றன. ஜெபம் வரவில்லை. எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. வெளியே விளக்குமாற்றுச் சத்தம் மட்டும் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்காகவே உட்கார்ந்திருந்தேன்.

எலியா தீர்க்கதரிசி உயிருக்குப் பயந்து ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழே படுத்து, செத்தால் போதும் என்று கேட்டவர். அவர் ஓரேப் மலைக்கு நடந்ததும் நாற்பது நாள்தான். காற்றும் நிலநடுக்கமும் தீயும் கடந்துபோன பிறகு அவருக்கு மெல்லிய குரல் கேட்டதைப் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். அதற்கடுத்த வசனங்களை யாரும் அவ்வளவாக வாசிப்பதில்லை. வந்த வழியே திரும்பிப் போ, இன்னின்னாரைப் போய் அபிஷேகம் பண்ணு என்று வேலை சொல்லப்படுகிறது. அந்த மலையிலேயே இருந்துகொள்ளும்படி அவருக்குச் சொல்லவில்லை. அமைதியைத் தேடி கோயிலுக்கு வருகிற நம்மில் பலரும் எதிர்பார்ப்பது ஓர் இளைப்பாறுதலை. எலியாவுக்குக் கிடைத்தது திரும்பிப் போவதற்கான வழிச்செலவு.

போன வெள்ளிக்கிழமை காலை, பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது தம்பி ஐந்து வயதில் கக்குவான் இருமலில் துடித்தது நினைவுக்கு வந்தது. வழக்கு வரவில்லை, இருமல் மட்டும் வந்தது. இரவெல்லாம் இருமுவான். தாத்தா பனங்கற்கண்டும் மிளகும் தட்டி வாயில் போடுவார். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வீட்டுக்கு வந்ததும் அவனுக்குப் போன் போட்டேன். அம்மாவின் மருந்தைப் பற்றிப் பேசினோம். அவன் ஊரில் வெயில் எப்படி என்று கேட்டேன். ஐந்து நிமிடம் இருக்கும். வரப்பைப் பற்றி இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை. ஈஸ்டருக்கு வருகிறேன் என்றான்.

இதைப் பெரிய அற்புதம் என்று நான் சாட்சி சொல்லப்போவதில்லை. நான்கு வாரம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததில், அடைத்துக்கொண்டிருந்த வெட்டுவாயில் ஒரு மெல்லிய சீவல் போயிருக்கிறது. நாளைக்கும் சீவ வேண்டும்.

இனி குருத்தோலை ஞாயிறு. பனை விளையாத இங்கிலாந்தில் அந்த நாளுக்கு வில்லோ, யூ மரக் கிளைகளைப் பிடித்து நடந்திருக்கிறார்கள். நமக்கு நிஜக் குருத்தே கிடைக்கிறது. என்னோடு படித்த கத்தோலிக்க நண்பரின் மணப்பாடு கடற்கரை வீட்டில், போன வருடத்து ஓலைச் சிலுவை அடுத்த தவக்காலம் வரை சுவரில் இருக்கும். பிறகு அதைக் கோயிலில் சேர்த்துவிடுவார்கள். அதை எரித்த சாம்பல்தான் திருநீற்றுப் புதனன்று நெற்றிக்கு வரும். கொழுந்தாக இருந்தது சருகாகி, சருகு சாம்பலாகி, சாம்பல் பூசிய நெற்றிகள் மறுபடி கொழுந்தோலையைப் பிடித்துக்கொண்டு நடக்கின்றன. ஒரு வருடம் முழுக்க ஒரே ஓலை.

அதற்கடுத்த பெரிய வியாழன் இரவில் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது வானத்தைப் பாருங்கள். வசந்த காலப் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறே ஈஸ்டர் என்று கணக்கிடுவதால், அந்த வாரம் எந்த வருடமும் பௌர்ணமியை ஒட்டியே வரும். கெத்செமனேயில் சீஷர்கள் தூங்கிக்கொண்டிருந்த இரவிலும் நிலா வெளிச்சம் இருந்திருக்க வேண்டும். பஸ்கா பண்டிகையே பௌர்ணமிப் பண்டிகைதான். தேரியின் செம்மண் அந்த வெளிச்சத்தில் வெளிறித் தெரியும். சிறுவர்களாக இருந்தபோது, யாரும் சொல்லாமலே அந்த ஓர் இரவு மட்டும் பேசாமல் வீட்டுக்கு நடப்போம்.

ஆராதனை நடத்துகிற ஐயர்மாருக்கும் சபை ஊழியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மீதி இருக்கிற வாரங்களில், பாவ அறிக்கைக்கு முன்னால் ஒரே ஒரு நிமிடம் மைக்கையும் கீபோர்டையும் நிறுத்திவையுங்கள். யாராவது இருமுவார்கள், ஒரு குழந்தை அழும், வெளியே ஓலை சலசலக்கும். அதெல்லாம் இருக்கட்டும். அந்த ஒரு நிமிடத்தைச் சபைக்குத் திருப்பிக் கொடுங்கள்.

எங்கள் கோயிலில் இந்த வெள்ளி மாலை ஆராதனை ஏழு மணிக்கு. காலை ஜெபம் ஐந்தரைக்கு. வளாகம் அதற்குள் கூட்டியிருக்கும்.