யாருடைய கணக்கில் எங்கள் வயிறு?

"உணர்ச்சிவசப்பட்டுப் பேசாதீங்கம்மா. ஆதாரம் இருந்தா குடுங்க, பாப்போம்."

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசு அதிகாரி எங்களிடம் சொன்னது இது. பெரம்பலூர், அரியலூர் பக்கத்துச் சேரிப் பெண்கள் சிலரோடு மனு கொடுக்கப் போயிருந்தோம். பிள்ளை பெற்ற கையோடு கேட்காமல்கொள்ளாமல் காப்பர்-டி வைத்துவிடுகிறார்கள், எடுக்கச் சொல்லிப் போனால் ஏசி அனுப்புகிறார்கள், ஆபரேசனுக்குப் பிறகு வரும் தொந்தரவுகளைக் கேட்பார் இல்லை என்பதுதான் மனு. அவர் ஆதாரம் என்றதும் எங்களோடு வந்த அக்கா ஒருத்தி, "இந்தா பாருங்க சாமி ஆதாரம்" என்று வயிற்றுச் சேலையை விலக்கப் போனாள். நான்தான் சட்டென்று அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். எம்.ஏ. தமிழ் படித்த கை. நாகரிகம் கற்றுக்கொண்ட கை. அப்படி நிறுத்தியது சரிதானா என்ற கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்துதான் எழுதப்படுகிறது.

முதலில் என் வீட்டு ஆதாரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் தாத்தா 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில் ஆபரேசன் செய்துகொண்டவர். 'செய்துகொண்டவர்' என்ற சொல்லே பொய். காட்டில் கூலி வேலை பார்த்துக்கொண்டிருந்தவரை 'வண்டியில ஏறுடா' என்றார்கள், ஏறினார். எதற்கு என்பது முகாமுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. 1976–77 ஓராண்டில் மட்டும் இந்த நாட்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை ஆபரேசன் நடந்தது. அதில் பெரும்பான்மையினர் ஆண்கள். தாத்தா அதில் ஓர் எண். 1977 தேர்தலில் அந்தக் கோபமும் சேர்ந்துதான் வடக்கே ஆட்சியைச் சாய்த்தது. ஆனால் ஆள்வோர் அதிலிருந்து கற்ற பாடம் 'யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது' என்பதல்ல, 'ஆம்பளையைத் தொடக் கூடாது' என்பதுதான். கத்தி அப்படியே பெண்கள் பக்கம் திரும்பியது.

என் அம்மாவுக்கு 1990-களின் நடுவில் ஒரு முகாமில் ஆபரேசன் நடந்தது. நாலு பெற்று ஒன்றைப் பறிகொடுத்தவள். தரையில் பாய் விரித்துப் படுக்க வைத்திருந்தார்கள். பத்தாம் நாள் பருத்திக் காட்டுக்குக் களை வெட்டப் போய்விட்டாள். இன்றும் மழைக்காலத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறாள். ஆனால் அவளிடம் கேட்டால் இப்படித்தான் சொல்வாள்: "அந்த ஆபரேசன் மட்டும் பண்ணலன்னா பெத்துப் பெத்தே செத்துருப்பேன் பாப்பா. ஆனா எங்கிட்ட ஒருத்தரும் ஒன்னும் கேக்கல. ஒங்கப்பன் கைநாட்டு வச்சாரு, முடிஞ்சுபோச்சு."

இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு 'பார், திட்டம் வெற்றி' என்கிறது அரசு. இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டு 'பார், சதி' என்கிறார்கள் நம் தோழர்கள் சிலர். இருவருமே என் அம்மாவைப் பாதியாக வெட்டுகிறார்கள்.

என் தங்கச்சிக்குத் தலைப்பிரசவம். எந்த மருத்துவமனை என்று இங்கே எழுதவில்லை. உள்ளே காப்பர்-டி இருக்கிறது என்பது இரண்டு வருசம் கழித்து, ரத்தப்போக்கு நிற்காமல் ஸ்கேன் எடுத்தபோதுதான் அவளுக்குத் தெரியும். கேட்டதற்கு, "அட்டையில எழுதியிருக்கே, படிக்கலயா?" என்றார்களாம். அவள் பன்னிரண்டாவது படித்தவள். அட்டையில் இருந்தது ஆங்கிலச் சுருக்கெழுத்து.

தாத்தாவிடமும் கேட்கவில்லை, அம்மாவிடமும் கேட்கவில்லை, தங்கச்சியிடமும் கேட்கவில்லை. சரி, இது ஒரு குடும்பத்துக் கதை. அதிகாரியின் மொழியில் 'உணர்ச்சி'. அவர்களே அச்சடித்து வைத்திருக்கிற ஆதாரத்துக்கு வருவோம்.

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் திருமணமாகி 15-லிருந்து 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் 100-க்கு ஏறக்குறைய 58 பேர் கருத்தடை ஆபரேசன் செய்துகொண்டவர்கள். கணவன் ஆபரேசன் செய்துகொண்ட பெண்கள் 1000-க்கு ஒருவர். இந்தியா முழுமைக்கும் பார்த்தால் பெண்கள் 100-க்கு 38. ஆண்கள் 1000-க்கு மூன்று. ஆணுக்குச் செய்வது எளிது. தழும்புகூட இல்லாமல் சில நிமிடங்களில் முடிகிறது, அன்றே வீட்டுக்கு வரலாம் என்று அரசுத் துண்டறிக்கையே சொல்கிறது. பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும். எளியதை விட்டுவிட்டுக் கடினமானதைத்தான் பெரும்பாலோர் 'தேர்ந்தெடுத்தார்கள்' என்றால் அது தேர்வா? மறுக்க முடியாதவர் தலையில் ஏற்றிய சுமைக்குத் 'தேர்வு' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

இதில் சாதி எங்கே வந்தது என்பீர்கள். 2007-இல் மய்ய அரசு கருத்தடை ஆபரேசனுக்கான ஈட்டுத்தொகையைத் திருத்தி அறிவித்தது. தமிழ்நாடு போன்ற மாநிலங்களில், அரசு மருத்துவமனையில் ஆபரேசன் செய்துகொள்ளும் பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்ணுக்கும் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள பெண்ணுக்கும் 600 ரூபாய். மற்ற பெண்ணுக்கு 250. ஆணுக்கு, அவன் எந்தச் சாதியானாலும், 1100. கூலி இழப்பை ஈடுகட்டத்தான் இது என்றார்கள். நல்லது அய்யா. எங்கள் கூலி இழப்பின்மேல் இவ்வளவு அக்கறை இருந்தால் மக்காச்சோளம் ஒடிக்கும்போதும் முந்திரி பொறுக்கும்போதும் ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று என்று கூலி கொடுக்கிறார்களே, அங்கே அல்லவா அது வந்திருக்க வேண்டும்? வயிற்றை மூடும் இடத்தில் மட்டும் சேரிக்காரி விலை ஏறுகிறது என்றால் அந்த 350 ரூபாய் வித்தியாசத்துக்குப் பெயர் என்ன?

ஊர்த்தெருத் திண்ணைகளில் ஒரு பேச்சு உண்டு. 'காலனிக்காரன் வதவதன்னு பெத்துப் போடுறான்' என்று. அதே 2019–21 கணக்கைத் திறந்து பாருங்கள். ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் பிள்ளைகளின் சராசரி, நாட்டளவில் பட்டியல் சாதியினருக்கு 2.1, பிற்படுத்தப்பட்டோருக்கு 2.0. இந்தப் புள்ளி ஒன்றுக்குத்தான் இவ்வளவு வாய். பெரம்பலூர் மாவட்டத்தில் 2011 கணக்குப்படி 100-க்கு 31 பேர் பட்டியல் சாதியினர், அரியலூரில் 23 பேர். இது பெற்றுப் போட்டதால் வந்த எண்ணிக்கை அல்ல. கரிசல் காட்டிலும் வெங்காயக் காட்டிலும் கூலிக்கு ஆள் வேண்டும் என்று காலங்காலமாகக் கட்டிவைத்த எண்ணிக்கை.

இன்னோர் ஆதாரமும் இதே மண்ணில் இருக்கிறது. 2011-இல் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு அரியலூர் மாவட்டத்தில் இருந்த பெண் குழந்தைகள் 897. பெரம்பலூரில் 913. மீதிப் பெண் குழந்தைகள் எங்கே? 'இரண்டோடு நிறுத்து' என்று அரசு சொல்கிறது. 'அதில் ஒன்றாவது ஆணாக இருக்கட்டும்' என்று குடும்பம் சொல்கிறது. நடுவில் ஸ்கேன் கருவி நிற்கிறது. கருவில் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் 1994-லேயே வந்துவிட்டது. பெண் குழந்தையைக் காக்க என்று 1992-இல் தமிழக அரசு கொண்டுவந்த வைப்புத்தொகைத் திட்டத்திலோ, பெற்றோரில் ஒருவர் கருத்தடை செய்திருந்தால்தான் பணம் என்று நிபந்தனை. 'ஒருவர்' என்று காகிதத்தில் இருக்கிறது. அந்த ஒருவர் யார் என்பது 1000-க்கு ஒருவர் என்ற கணக்கிலேயே இருக்கிறது. மகளுக்குப் படிப்புக்குக் காசு வேண்டும் என்றால் தாய் கத்திக்குக் கீழே படுக்க வேண்டும்.

கருத்தடை வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். ஆசிரமத்தில் உட்கார்ந்துகொண்டு கருத்தடைச் சாதனங்கள் கூடாது, புலனடக்கம் போதும் என்றவர் காந்தி. பெரியார் கர்ப்பத்தடையைக் கேட்டது நாட்டின் வறுமைக்காக அல்ல, பெண்ணின் விடுதலைக்காக. அதை அவரே பிரித்துச் சொன்னார். 1938 நவம்பரில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் கருத்தடை வசதிகளைக் கேட்டு சுதந்திரத் தொழிலாளர் கட்சி உறுப்பினர் ரோஹம் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அந்த உரையை எழுதிக் கொடுத்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். பிரசவ வலியை ஆண்கள் பட்டிருந்தால் தெரிந்திருக்கும் என்ற பொருளில் அதில் அவர் பேசியிருக்கிறார். தீர்மானம் தோற்றது. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1952-இல், இந்திய அரசு குடும்பக் கட்டுப்பாட்டைத் திட்டமாக்கியபோது பெண்ணின் விருப்பம் என்ற சொல் கரைந்துபோய் மக்கள்தொகை என்ற சொல் மட்டும் மிஞ்சியது. பாபாசாகேப் கேட்டது பெண்ணுக்கான உரிமை. அரசு கொடுத்ததோ சுவரில் ஒரு சிவப்பு முக்கோணம்.

இலக்கு முறையைக் கைவிட்டுவிட்டோம் என்று 1996-இல் அறிவித்தார்கள். இலக்கு போய் 'எதிர்பார்க்கப்படும் சாதனை அளவு' வந்தது. பெயர் நீண்டது, அவ்வளவுதான். எங்கள் ஊர் நர்ஸம்மாவும் பாவம், மேலிருந்து வரும் ஏச்சுக்குப் பயந்தவர்தான்; அவரைத் திட்டி எழுதுவதற்கு இது இடமல்ல. 2012 சனவரியில் பீகார் அராரியா மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு மணி நேரத்தில் 53 பெண்களை அறுத்தார்கள். 2014 நவம்பரில் சத்தீஸ்கர் பிலாஸ்பூர் அருகே சில மணி நேரத்தில் 83 பெண்கள். முகாமுக்குப் போனவர்களில் 13 பேர் பிணமானார்கள். முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் நிறுத்துங்கள், மறைமுக இலக்கும் வைக்காதீர்கள் என்று 2016 செப்டம்பரில் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு எப்படி வந்தது? ஒரு பெண் அந்தப் பள்ளிக்கூடத்தில் நடந்ததை எழுதி, ஆதாரமாக்கி, கோர்ட்டுக்குக் கொண்டுபோனதால் வந்தது.

இப்போது காற்று மாறி வீசுகிறது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதால் தெற்கே நாடாளுமன்றத் தொகுதிகள் குறையப்போகின்றன என்ற நியாயமான அச்சம் இருக்கிறது. அதற்காக 2025 மார்ச்சில், அப்போது முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின், புதுமணத் தம்பதியர் உடனே குழந்தை பெற்றுக்கொள்ள வேண்டும் என்று மேடையில் சொன்னார். நேற்று நிறுத்து, இன்று பெறு. புறநானூற்றில் பொன்முடியார் கடமைகளை வரிசைப்படுத்துவதை வகுப்பில் படித்திருக்கிறேன். பெறுவது தாய்க்கு, போர்க்களம் மகனுக்கு. அன்று போருக்கு ஆள் வேண்டியிருந்தது, இன்று தொகுதிக்குத் தலை வேண்டியிருக்கிறது. தாய்க்கு என்ன வேண்டும் என்று அன்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை.

அரசை மட்டும் சொல்லிவிட்டுத் தப்பிக்க மாட்டேன். நம் இயக்கக் கூட்டமொன்றில் நான் இதைப் பேசியபோது, மூத்த தோழர் ஒருவர் எழுந்து, "எண்ணிக்கைதான் தோழர் நமக்குப் பலம். குடும்பக் கட்டுப்பாடு நம்மைக் குறைக்கிற சூழ்ச்சி" என்றார். கைதட்டல் கிடைத்தது. கைதட்டிய ஆண்களிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "இங்கே எத்தனை பேர் வீட்டில் சம்சாரத்துக்கு ஆபரேசன் ஆகியிருக்கிறது? எத்தனை பேர் நீங்கள் செய்துகொண்டீர்கள்?" முதல் கேள்விக்குச் சிரிப்பு, இரண்டாவதற்கு மவுனம். தோழர்களே, மேடையில் எண்ணிக்கை பேசிவிட்டு, வீட்டில் பொண்டாட்டியைக் கத்திக்கு அனுப்புகிறவர்கள் அந்த அதிகாரியைவிட எந்த வகையில் மேல்?

ஆதாரம் கேட்டார்கள். கொடுப்போம். ஆனால் எதை எண்ணுவது என்பதை நாங்கள் முடிவு செய்வோம். ஆரம்ப சுகாதார நிலையத்துப் பதிவேட்டில் எத்தனை பேருக்கு ஆபரேசன் என்று இருக்கிறது. இன்னும் சில கட்டங்கள் போடுங்கள். எல்லா முறைகளையும், அவற்றின் கெடுதல்களையும் சொன்னீர்களா? எப்போது சொன்னீர்கள், வலி எடுத்துக் கதறும்போதா, அதற்கு முன்பா? கையெழுத்து யாருடையது? காப்பர்-டியை எடுக்கச் சொல்லி எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினீர்கள்? ஆபரேசன் ஆகியும் கரு நின்றவர்கள் எத்தனை பேர்? எந்தத் தெருக்காரர்கள்? பெயர் வேண்டாம், சாதிவாரியாக எண் போதும். அதை ஆண்டுதோறும் கிராம சபையில் படியுங்கள். ஆபரேசன் தோற்றாலோ உயிர் போனாலோ இழப்பீடு உண்டு என்பதைச் சிவப்பு முக்கோணம் வரைந்த அதே சுவரில், தமிழில், பெரிய எழுத்தில் எழுதுங்கள். பெண் குழந்தைத் திட்டத்திலிருந்து கருத்தடை நிபந்தனையை எடுங்கள். ஆண்களிடம் போய்ப் பேசுங்கள். முதலில் அரசு ஊழியர் குடியிருப்புகளிலிருந்து தொடங்குங்கள், சேரியிலிருந்து அல்ல.

அவர்கள் எழுதும்வரை நாங்கள் சும்மா இருக்கப்போவதில்லை. நூறுநாள் வேலையிடத்து மரத்தடியில், முந்திரிக் காட்டில், பெண்கள் சொல்லச்சொல்ல ஒரு நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். தகவல் உரிமைச் சட்டம் 2005 முதல் இருக்கிறது. மனுவுக்குப் பத்து ரூபாய்.

அன்று நான் கையைப் பிடித்து நிறுத்திய அந்த அக்காதான் முதலில் சொன்னாள். முதல் பக்கம் அவளுடையது. சொல்லி முடித்துவிட்டுக் கேட்டாள்: "இப்பவாச்சும் நம்புவாங்களா பாப்பா?"

நம்பவில்லை என்றால் அடுத்த முறை நான் கையைப் பிடிக்க மாட்டேன்.