கம்பெனிக்கு முந்நூறு பக்கம், நமக்கு ரெண்டு பக்கமா?



வேலையில சேரும்போது நீங்க கையெழுத்துப் போட்ட பேப்பர் இருக்கா? இருந்தா அதை எடுத்து வச்சுக்கிட்டு இந்தப் பதிவைப் படிங்க. இல்லைன்னா, அது ஏன் நம்ம கையில இல்லைன்னு யோசிச்சுக்கிட்டே படிங்க.

எங்க ஊர் கொடும்பாளூர். மூவர் கோயில் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவாங்க. நீங்க வந்தா காலையில ஆறு மணிக்கு ஒருமுறை திருச்சி–மதுரை நாலு வழிச்சாலையில நின்னு பாருங்க. விராலிமலை, மாத்தூர், துவாக்குடி போற கம்பெனி வேனுக்காக நம்ம பிள்ளைகள் நின்னுட்டிருப்பாங்க. ஐ.டி.ஐ. முடிச்சவன், டிப்ளமோ முடிச்சவன், பி.இ. முடிச்சவன் எல்லாருக்கும் ஒரே வேன். கழுத்துல தொங்குற அட்டையைப் பாருங்க. வேலை பார்க்கிற கம்பெனி பேர் ஒண்ணு, அட்டையில இருக்கிற ஏஜென்சி பேர் வேற ஒண்ணு. கேட்டா ஒரே பதில்தான்: "கான்ட்ராக்ட்தாண்ணே."

நானும் அந்த வேன்ல போனவன்தான். சிவில் இன்ஜினியரிங் முடிச்சு, ஒரு ரோடு போடுற கம்பெனியில ஒப்பந்த நிர்வாகப் பிரிவுல வேலை கிடைச்சது. கான்ட்ராக்ட் மேனேஜ்மென்ட்னு சொன்னா பெரிய வார்த்தையா இருக்கும். வேலை என்னன்னா, அரசோட போட்ட ஒப்பந்தத்தை வரி வரியா படிச்சு, கம்பெனிக்கு வர வேண்டிய ஒவ்வொரு ரூபாயையும் கடிதம் போட்டு வாங்கறது.

அந்த ஒப்பந்தம் முந்நூறு பக்கத்துக்கு மேல. அதுல என்னெல்லாம் இருக்கும் தெரியுமா?

சிமென்ட் விலை, கம்பி விலை, டீசல் விலை ஏறினா ஒப்பந்தக்காரருக்குக் கூடுதல் தொகை உண்டு. அதுமட்டும் இல்ல. பெரிய அரசு ஒப்பந்தங்கள்ல இருக்கிற விலை மாற்றச் சூத்திரத்துல கூலிக்குன்னே தனியா ஒரு பங்கு இருக்கு. விலைவாசிக் குறியீடு ஏற ஏற அந்தப் பங்கும் ஏறும். கூலி ஏறும்னு அரசாங்கம் கணக்குப் போட்டு ஒப்பந்தக்காரருக்குப் பணம் தருது. அந்தப் பணம் கூலிக்காரன் கைக்கு வந்துச்சான்னு மட்டும் யாரும் கேட்கிறதில்ல.

நிலம் ஒப்படைக்க அரசு தாமதம் பண்ணினா கால நீட்டிப்பு. மெஷின் சும்மா நின்னா அதுக்கு இழப்பீடு. பில் பணம் தாமதமானா வட்டி. ஒப்பந்தத்தை ரத்து பண்ணணும்னா முறையான நோட்டீஸ். தகராறு வந்தா 1996-ம் வருஷச் சட்டப்படி நடுவர் தீர்ப்பாயம்.

நம்ம ரோட்டுல பூதக்குடி டோல்கேட் இருக்கு. நாடு முழுக்க டோல் கட்டணம் எப்படி ஏறுதுன்னு தெரியுமா? 2008-ம் வருஷ சுங்கக் கட்டண விதியில எழுதியே வச்சிருக்காங்க. வருஷா வருஷம் 3 சதவீதம் கட்டாயம். அதுக்கு மேல, மொத்த விலைக் குறியீடு எவ்வளவு ஏறுதோ அதுல 40 சதவீதம். யாரும் போய்க் கெஞ்ச வேண்டியதில்ல, தானா ஏறும்.

இந்தக் கடிதங்களையெல்லாம் டைப் பண்ணின எனக்கு அந்தக் கம்பெனி குடுத்த பேப்பர் ரெண்டே பக்கம். அதுல என்னோட பேரு ஊழியர் இல்ல, 'கன்சல்டன்ட்'. பி.எஃப். கிடையாது. இ.எஸ்.ஐ. கிடையாது. 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிச்சுக்கிட்டு மாசா மாசம் நானே பில் போடணும். காலையில எட்டரைக்கு விரல் வைக்கணும், லீவுக்கு மேலாளர்கிட்ட கேட்கணும், வேற எங்கேயும் வேலை பார்க்கக் கூடாது. இத்தனைக்கும் நான் 'சுதந்திர' ஒப்பந்ததாரராம்!

பணி முடிஞ்சதும் ஒரு வாட்ஸ்ஆப் மெசேஜ். அதோட கதை முடிஞ்சது. ரெண்டு மாச பில் இன்னும் பாக்கி.

என் சோகத்தைச் சொல்ல இதை எழுதல. வேன்ல வர்ற பாதிப் பேருக்கு இதைவிட மோசம். நான் கேட்கிறது ஒண்ணே ஒண்ணு. அரசாங்கத்துகிட்ட கம்பெனி கேட்டு வாங்கற அத்தனை பாதுகாப்பும், அந்தக் கம்பெனிக்கு உழைக்கிற நமக்கு ஏன் இல்ல? ஒப்பந்தம்னா ரெண்டு பக்கமும் கட்டுப்படணும். நம்மகிட்ட நீட்டுறது ஒப்பந்தம் இல்ல, ஒருதலைப்பட்சமான உத்தரவு.

அரசு யார் பக்கம்னு பார்ப்போமா?

2020 கொரோனா. வேலை போன தொழிலாளிகள் குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு தேசிய நெடுஞ்சாலைகள்ல ஊருக்கு நடந்த காலம். அந்த மே மாசம் ஒன்றிய அரசு ஒப்பந்தக்காரர்களுக்கு 6 மாதம் வரை கால நீட்டிப்பு அறிவிச்சது. நவம்பர்ல அவங்க கட்ட வேண்டிய பிணைத்தொகையை 3 சதவீதமாக் குறைச்சது. 2023 ஜூலையில ஒப்பந்தத் தகராறுகளைத் தீர்க்க தனித் திட்டமே வந்தது. நீதிமன்றத் தீர்ப்பா இருந்தா 85 சதவீதம், நடுவர் தீர்ப்பா இருந்தா 65 சதவீதம் வரை குடுத்து வழக்கை முடிச்சுக்கலாம்னு ஏற்பாடு.

ஒப்பந்தக்காரருக்குக் குடுத்தது தப்புன்னு சொல்லல. சின்ன ஒப்பந்தக்காரர்களும் பில் வராம செத்துப் பிழைக்கிறாங்க. ஆனா ஒப்பந்தத் தொழிலாளியோட சம்பள பாக்கிக்கு அப்படி ஒரு திட்டம் எங்கே?

அதுக்குப் பதிலா வந்தது என்ன? 2025 நவம்பர் 21 முதல் நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துட்டதா அறிவிச்சாங்க. 1970-ம் வருஷ ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 20 பேர் இருந்தாலே பொருந்திச்சு. புதுத் தொகுப்புல அது 50 ஆயிடுச்சு. 49 பேரை வச்சு வேலை வாங்கற ஏஜென்சிக்கு இனி அந்த உரிமமே தேவையில்ல. நம்ம பக்கத்து ஏஜென்சிகள்ல எத்தனை பேர் இருக்காங்கன்னு நீங்களே எண்ணிப் பாருங்க.

சாப்பாடு டெலிவரி பண்ற தம்பிகள் கதை இன்னும் மோசம். அவங்களை 'பார்ட்னர்'னு கூப்பிடுவாங்க. 2022-ல நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையே 2020-21-ல 77 லட்சம் கிக் தொழிலாளர்கள்னும், 2029-30-ல 2.35 கோடி ஆவாங்கன்னும் சொல்லுது. புதுச் சட்டத் தொகுப்பு அவங்களை எப்படி வரையறுக்குது? வழக்கமான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே இருக்கிறவங்கன்னு. கம்பெனி தன் ஆண்டு வருமானத்துல 1 முதல் 2 சதவீதம் சமூகப் பாதுகாப்பு நிதிக்குத் தரணும். அதுவும் தொழிலாளிக்குக் குடுக்கிற தொகையில 5 சதவீதத்தைத் தாண்டாம. நிதி உண்டு, ஆனா தொழிலாளிங்கிற உரிமை கிடையாது!

பேர் என்ன வச்சாலும் உறவு மாறாதுன்னு உலகம் சொல்ல ஆரம்பிச்சாச்சு. 2021 பிப்ரவரி 19-ல பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஊபர் வழக்குல என்ன சொல்லுச்சு? கட்டணத்தை யார் முடிவு பண்றது, நிபந்தனையை யார் விதிக்கிறதுன்னு பார்த்துட்டு, டிரைவர்கள் தொழிலாளர்கள்தான்னு தீர்ப்புச் சொல்லிச்சு. இங்கேயும் 2024 டிசம்பர்ல, மத்திய நீர் ஆணையத்துல பல வருஷம் தற்காலிகமா துப்புரவு, தோட்ட வேலை பார்த்தவங்களை நிரந்தரமாக்கச் சொல்லி நம்ம உச்ச நீதிமன்றமே உத்தரவு போட்டது.

மாநில அரசும் தப்பிக்க முடியாது. 2025 ஆகஸ்ட் 1 முதல் சென்னை ரிப்பன் மாளிகை வாசல்ல ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தாங்க. கொரோனா காலத்துலயும் நம்ம தெருவைக் கூட்டினவங்க. அவங்க கேட்டது என்ன? எங்களைத் தனியார் ஒப்பந்தத்துக்குத் தள்ளாதீங்க, நிரந்தரமாக்குங்கன்னு. ஆகஸ்ட் 13 நள்ளிரவுல, நீதிமன்ற உத்தரவைக் காட்டி, போலீஸ் அவங்களை அங்கிருந்து அப்புறப்படுத்திச்சு. அந்த இரவை மறந்துடாதீங்க. அரசே தன் தொழிலாளியை ஏஜென்சிகிட்டத் தள்ளினா, விராலிமலையில இருக்கிற முதலாளி ஏன் தள்ள மாட்டான்?

"நிரந்தரம் ஆயிட்டா எவனும் வேலை செய்ய மாட்டான் தம்பி"னு டீக்கடையில ஒரு அண்ணன் சொல்வார். அண்ணே, நெடுஞ்சாலையில டோல் வசூல் பண்ண 15, 20 வருஷத்துக்கு உரிமை எழுதித் தர்றாங்களே, நிரந்தரமா வருமானம் வருதுன்னு அவங்க வேலையை விட்டுட்டாங்களா? நாளைக்கு வேலை இருக்குங்கிற நம்பிக்கையோடதான் பேங்க்ல கடன் வாங்க முடியும், வீடு கட்ட முடியும், பொண்ணு கேட்டுப் போக முடியும். முதலாளிக்கு அந்த நம்பிக்கை 'முதலீட்டுப் பாதுகாப்பு'. நமக்குன்னா 'சோம்பேறித்தனமா'?

நாம ஒப்பந்தத்துக்கு எதிரி இல்ல தோழர்களே. கேரளாவுல வடகரைக்குப் போங்க. 1925-ல வாக்படானந்தரைப் பின்பற்றினாங்கன்னு நிலவுடைமையாளர்கள் வேலை தர மறுத்தாங்க. வேலை மறுக்கப்பட்ட அந்தத் தொழிலாளிகள் 14 பேர் சேர்ந்து தாங்களே ஒரு கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சாங்க. அதுதான் ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம். நூறு வருஷம் ஆச்சு. காசர்கோடு மாவட்டத்துல தலப்பாடி–செங்களை இடையே தேசிய நெடுஞ்சாலை 66-ஐ ஆறு வழியா அகலப்படுத்தற பணியை எடுத்தது அந்தச் சங்கம்தான். கோழிக்கோட்டுல சைபர் பார்க்கும் நடத்துது. அங்கே ஒப்பந்தக்காரரும் தொழிலாளிதான், உரிமையாளரும் தொழிலாளிதான். நம்ம புதுக்கோட்டையில இத்தனை இன்ஜினியர், இத்தனை கொத்தனார், இத்தனை வெல்டர் இருந்தும் ஏன் முடியாது? டெண்டர் கதவு திறக்கணும். அதுக்குத்தான் அரசியல் வேணும்.

அதுவரைக்கும் நாளைக்கே நீங்க செய்ய வேண்டியது:

1. கையெழுத்துப் போடும் முன்னாடி பேப்பரை போட்டோ எடுங்க. புதுச் சட்டத் தொகுப்புப்படி நியமனக் கடிதம் தருவது கட்டாயம். தரலைன்னா எழுத்துல கேளுங்க.

2. 'கன்சல்டன்ட்', 'பார்ட்னர்'னு போட்டிருந்தா நாலு கேள்வி கேளுங்க. நேரத்தை யார் முடிவு பண்றது? கூலியை யார் முடிவு பண்றது? கருவி யாருடையது? வேற இடத்துல வேலை பார்க்கலாமா? நாலுக்கும் பதில் 'கம்பெனி'ன்னு வந்தா நீங்க ஒப்பந்ததாரர் இல்ல, தொழிலாளி.

3. நாள் கணக்கு எழுதி வைங்க. தமிழ்நாட்டுல 1981-ம் வருஷச் சட்டம் ஒண்ணு இருக்கு. தொழில் நிறுவனத்துல 24 மாசத்துல 480 நாள் வேலை பார்த்தா நிரந்தரம் கேட்கலாம். கட்டுமானத் தளங்களுக்குப் பொருந்தாது, தொழிற்சாலைகளுக்குப் பொருந்தும். அடிக்கடி ஏஜென்சி பேர் மாறுறது எதுக்குன்னு இப்பப் புரியுதா? பழைய அடையாள அட்டை, சம்பளச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீங்க.

4. ஏஜென்சி சம்பளம் தராம ஓடிட்டா விட்டுடாதீங்க. வேலை வாங்கின முதன்மை நிறுவனம் அந்தச் சம்பளத்தைக் குடுக்கணும். 1970 சட்டத்துலயும் இருந்தது, புதுத் தொகுப்புலயும் இருக்கு.

5. உண்மையிலேயே சுயமா தொழில் பண்றவங்க, முதல் பில் போடும் முன்னாடியே உத்யம் பதிவு பண்ணிடுங்க. 2006-ம் வருஷ சிறு தொழில் சட்டப்படி 45 நாளுக்கு மேல பணம் இழுத்தடிச்சா, வங்கி விகிதத்தைப் போல மூணு மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். நான் அதைப் பண்ணாமவிட்டேன். மத்தவனுக்காக வட்டி கேட்டு எத்தனையோ கடிதம் டைப் பண்ணினவன், எனக்குன்னு ஒரு பதிவு பண்ணல. நீங்க அந்தத் தப்பைப் பண்ணாதீங்க.

நம்ம கோரிக்கை எளிமையானது. நிரந்தரத் தன்மையுள்ள வேலைக்கு நிரந்தர ஆள். ஒரே வேலைக்கு ஒரே சம்பளம். விலைவாசி ஏறினா கூலியும் தானா ஏறணும்னு ஒவ்வொரு அரசு டெண்டரிலயும் நிபந்தனை. அந்தக் கூலி தொழிலாளி வங்கிக் கணக்குல ஏறின ஆதாரத்தைக் காட்டினாத்தான் ஒப்பந்தக்காரருக்கு அடுத்த பில். தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு அரசுப் பணிகள்ல தனி ஒதுக்கீடு.

அந்த ரெண்டு மாச பாக்கிக்கு நான் போன வாரம் ஒரு நோட்டீஸ் அனுப்பினேன். கம்பெனிக்காக நான் அரசுக்கு எழுதின அதே வடிவம், அதே வாசகம். தேதி, தொகை, தாமதம், வட்டி எல்லாம் போட்டு. அவங்க சொல்லிக் குடுத்த வேலைதானே!

நீங்களும் எழுதுங்க. எழுதத் தெரியலைன்னா உங்க பகுதி கிளையில இருக்கிற நம்ம தோழர்கள்கிட்ட பேப்பரைக் கொண்டு வாங்க, சேர்ந்து எழுதுவோம். காலையில அந்த வேன்ல உங்க பக்கத்து சீட்ல உட்கார்ற தோழருக்கு இதை அனுப்புங்க. தனியா கேட்டா வேலை போகும். வேன் முழுக்கக் கேட்டா பதில் வரும்.

✊
#ஒப்பந்தம்னா_ரெண்டு_பக்கமும்
#நிரந்தர_வேலைக்கு_நிரந்தர_ஆள்
#புதுக்கோட்டை