வழித்துணை

தைத்திங்கள் பிறந்துவிட்டால் சேலம், நாமக்கல் சமவெளியின் சாலைகளில் பச்சையும் மஞ்சளும் காவியும் உடுத்த மக்கள் அணியணியாகத் தெற்கு நோக்கி நடக்கக் காணலாம். அவர்கள் செல்லுமிடம் பழனி. எடப்பாடியிலிருந்து அவ்வூர் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. காவிரி, நொய்யல், அமராவதி, சண்முகாநதி ஆகிய ஆறுகள் இடையிலே குறுக்கிடும். பேருந்தில் அரைநாளில் முடியும் இவ்வழியை இவர்கள் காவடி சுமந்து, இரவு தோறும் ஓரிடத்தில் தங்கி, நாட்கணக்கில் நடந்தே கடக்கின்றனர்.

இவருள் எடப்பாடிப் பருவதராசகுலக் காவடிக் கூட்டத்தார் தனிச்சிறப்புடையர். முந்நூறு ஆண்டுகட்கு மேலாக இந்நடை நிகழ்ந்து வருவதாகக் கூறுவர். இரவுப் பூசை முடிந்தபின் பழனி மலைமேல் அடியார் தங்குதல் வழக்கமன்று. இக்கூட்டத்தார்க்கு மட்டும் ஆண்டுக்கு ஓரிரவு அங்கே தங்கும் உரிமை உண்டு. அவ்விடத்தே வாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சம்பழம், கற்கண்டு, தேன், நெய் முதலியவற்றைக் கூட்டி டன் கணக்கில் பஞ்சாமிர்தம் செய்து, ஊருக்குக் கொணர்ந்து பகிர்ந்தளிப்பர்.

இவையெல்லாம் காண்பார் கண்ணுக்குப் புலனாவன. புலனாகாத சிறப்பொன்று உண்டு. இளமையில் ஒருங்கே புறப்பட்ட தோழர் நால்வர், தலை நரைத்த பின்னும் அதே வழியில், அதே மரநிழலில் அமர்ந்து கட்டுச்சோறு அவிழ்க்கின்றனர். ஆண்டு முழுதும் வெவ்வேறு ஊரில் வெவ்வேறு தொழிலில் இருப்பவர். தைமாதத்தில் மட்டும் கூடுபவர். சென்ற ஆண்டு நின்றுபோன பேச்சு, இவ்வாண்டு ஆற்றுப்பாலத்தில் மீண்டும் தொடங்கும். பிசிராந்தையார் நண்பனாகிய கோப்பெருஞ்சோழனை நாடிப் பாண்டிநாட்டிலிருந்து உறையூர்க்கு நடந்தார். இவர்கள் நண்பரோடு நடக்கின்றனர். இரண்டும் நட்பின் நடையே.

இத்தகைய கூட்டத்தில் ஒருநாள் நடைக்கு எல்லை வகுக்க வேண்டியது யாது? சாலையோரக் கிலோமீட்டர்க் கல் அன்று. கூட்டத்தில் மூத்தவருடைய கால். அவர் களைத்த இடமே அன்றைய தங்கல். ஆனால், ஐந்து நாள் வழியை மூன்று நாளில் முடிக்கும் விரைவு இன்று சிலரிடம் காணப்படுகிறது. மூத்தவரைச் சாமான் வண்டியில் ஏற்றி முன்னே அனுப்பிவிட்டு இளையோர் விரைந்து நடக்கின்றனர். அம்மூத்தவர் தங்குமிடத்தில் தனியே அமர்ந்து, தோழர் வரும் திசையை நோக்கியிருப்பார். அவர்க்குக் கால்வலி தீர்ந்தது, பயணமும் தீர்ந்தது.

இளையோர் மீது மட்டும் குற்றம் சுமத்துதல் முறையாகாது. விசைத்தறியில் கூலிக்கு நெய்பவன் ஒருநாள் தறியை நிறுத்தினால் ஒருநாள் கூலி போயிற்று. லாரி ஓட்டுபவனுக்கும் அதே நிலைதான். விரைவு அவனுக்கு வேடிக்கையன்று.

ஸ்பெயின் நாட்டிலே சந்தியாகோ என்னும் திருத்தலத்திற்குச் செல்லும் பழைய நடைவழி ஒன்று உள்ளது. 1993-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. பிரெஞ்சு எல்லையிலிருந்து ஏறத்தாழ 800 கிலோமீட்டர். ஒரே மூச்சில் நடக்க இயலாதோர் ஓராண்டு ஒரு பகுதி நடந்து, அடுத்த ஆண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வர். அதனை எவரும் குறைவாக எண்ணுவதில்லை. அம்முறையைச் சற்றே மாற்றி இங்கும் கொள்ளலாம். ஐந்து நாள் இயலாத முதியவர் இரண்டு நாள் நடக்கட்டும். விடுப்பு இல்லாத இளையவனும் அவ்விரண்டு நாளையே தேர்ந்து அவரோடு நடக்கட்டும். வீட்டு வாயிலிலிருந்து மலையடி வரை நடப்பதே நேர்த்தி என்பார் கூற்றும் மதிக்கத்தக்கதே. எனினும், அந்நேர்த்தி ஒருவரைத் தனியே அமர்த்திவிட்டு நிறைவேறுமாயின் அதனைப் பற்றி இருமுறை எண்ணுதல் நலம்.

வழியைப் பற்றியும் ஒரு சொல். முன்னோர் சாலையோரத்தில் தோளளவு உயரத்தில் சுமைதாங்கிக் கல் நாட்டினர். பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கவும் ஏற்றவும் அது பயன்பட்டது. கருவுற்று இறந்த பெண்ணின் நினைவாக அக்கல் நாட்டுதலும் வழக்கம். சாலை அகலமான இடங்களில் கல்லும் போயிற்று, புளியமரமும் போயிற்று, லாரிகள் மட்டும் பெருகின. திண்டுக்கல்லிலிருந்து பழனி செல்லும் சாலையோரத்தில் நடப்போர்க்கெனத் தனிப்பாதை அமைத்துள்ளனர். காவிரிக்கு வடக்கிலிருந்து வருவோர் வழிநெடுகவும் அத்தகைய பாதை வேண்டும். இடையிடையே நிழலும் குடிநீரும் ஒரு திண்ணையும் வேண்டும். திண்ணை இருப்பின் மூத்தவர் வண்டியேற வேண்டியதில்லை.

இப்போதைக்கு, விடியற்பனியில் சாலையின் வெண்கோட்டை ஒட்டியே அணி செல்கின்றது. முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டிய இளைஞன் ஒருவன், தன்னுடன் வரும் பெரியவரை மண்பக்கம் விட்டு, லாரிகள் விரையும் பக்கத்தில் தான் நடக்கின்றான்.